அடைக்கலம் கொடுத்தவளுக்கு வழக்கறிஞர் எதற்கு?

மணப்பட்டில் ஒரு தாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. சட்டையில் இரத்தக்கறையோடு மகன் நிற்கிறான். கொலை செய்துவிட்டதாக அவனே சொல்கிறான். அவள் சோறு போட்டு உள்ளறையில் படுக்கவைக்கிறாள். காலையில் வந்த காவலரிடம் "அவன் வரவில்லை" என்கிறாள். அவள் நீதிக்குக் குறுக்கே நின்றவளா? அவளுக்காக வாதாடும் வழக்கறிஞர் அநீதிக்குத் துணைபோகிறவரா?

நம் மண்ணிலேயே இதற்கு இருவேறு விடைகள் இருந்துள்ளன. பாகூர்ப் பகுதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, 1810ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம் குற்றவாளியை ஒளித்துவைப்பதைக் குற்றமாக்கினாலும், பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி, உடன்பிறந்தோர் ஆகியோருக்கு விலக்கு அளித்தது. 1963 அக்டோபர் முதல் நாள் இந்தியத் தண்டனைச் சட்டம் புதுவைக்கு வந்தது. அதன் 212ஆம் பிரிவு கணவன் மனைவிக்கு மட்டுமே விலக்கு அளித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 249ஆம் பிரிவும் அவ்வாறே. கொலையாளிக்கு அடைக்கலம் கொடுத்த தாய்க்கு ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். தண்டனையினின்று காக்கும் நோக்கத்தோடு இட்ட சோறுகூட அடைக்கலமே. பழைய சட்டமே தாயின் நெஞ்சை நன்கு அறிந்திருந்தது என்பது நம் எண்ணம்.

ஆயினும் கொலையுண்டவனுக்கும் ஒரு தாய் உண்டல்லவா? அதனால்தான் வழக்கறிஞர் தேவைப்படுகிறார். அடைக்கலம் கொடுத்தவர் குற்றத்தை அறிந்திருந்தாரா, தண்டனையினின்று தப்புவிக்கும் நோக்கம் அவருக்கு இருந்ததா என்பவற்றை அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். அதனை வற்புறுத்திக் கேட்பது நீதிக்குத் தடையாகாது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கை எண்ணிப் பாருங்கள். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் அவரோடு மாண்டவர்களுள் பணியிலிருந்த காவலரும் உண்டு, நாடே கொதித்தது. 1998 ஜனவரி 28 அன்று பூவிருந்தவல்லித் தனி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. குண்டுவெடிப்புக்குத் துணைநின்றவரும், பின்னர் இடங்கொடுத்தவரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டனர். மேல்முறையீட்டில் மூத்த வழக்கறிஞர் என். நடராசன் வாதாடினார். 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்தினின்று விடுவித்தது. அவர்களுள் சிலர் மீது அடைக்கலம் கொடுத்தமை போன்ற சிறு குற்றங்களே எஞ்சின. அவற்றுக்குரிய தண்டனைக் காலத்தை அவர்கள் முன்னரே சிறையில் கழித்திருந்தனர். எவரும் வாதாடாதிருந்தால்? அந்நாளில் அவர்களுக்கு வழக்காடுவதையே துரோகம் என்றவர்கள் நம்மிடையேயும் இருந்தனர்.

ஆனால் வழக்கறிஞருக்கும் எல்லை உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர் உண்மையைச் சொல்லாதிருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்று புனித தோமா அக்குவினார் பிரித்துக் காட்டினார். நம் அரசியல் சாசனத்தின் 20ஆம் பிரிவும் எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. மௌனத்துக்கு இடமுண்டு, கறையைக் கழுவிச் சான்றை அழிப்பதற்கு இல்லை. அதைச் செய்தது மனைவியே ஆனாலும் சட்டம் விலக்கு அளிப்பதில்லை.

அந்தத் தாய் நம்மிடம் வந்து, "வழக்கறிஞர் வைக்கலாமா சாமி?" என்று கேட்டால் உடனே வைக்கச் சொல்வோம். "சட்டையைத் துவைத்துவிடட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்போம். ஆனால் அவள் நம்மிடம் வருவதற்குள் அது கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்.