எட்டாயிரமா, பதினாலாயிரமா?

2016-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் 17,218 பேர். 2017-ல் 16,157. அதற்கடுத்த வருஷம் 12,216. 2019-ல் 10,525. 2020-ல் எட்டாயிரத்துச் சொச்சம். நாலே வருஷத்தில் பாதிக்கு மேல் குறைந்துபோச்சு. ஹெல்மெட் சோதனை, லைசென்ஸ் முடக்கம், 108 ஆம்புலன்ஸ், விழிப்புணர்வுப் பேரணி என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். நிதின் கட்கரி மற்ற மாநிலங்களுக்குத் தமிழ்நாட்டை உதாரணம் காட்டினார்.

நான் இருக்கிறது கான்சாபுரத்தில். வத்திராயிருப்பு தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் மதுரை ரோட்டைப் பிடித்துத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் போகணும். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு, போலீஸைக் கண்டதும் தலைக்கு ஏற்றுகிறவர்களைத் தினம் பார்க்கிறவனுக்கு, இந்தப் பாதிக்குப் பாதி கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

பிறகு, ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளில் பழைய எண்கள் சத்தமில்லாமல் மாறின. 2019-ல் செத்தவர்கள் 18,129 பேராம். 2020-ல் 14,527 பேராம். 2019-க்கு மட்டும் 7,604 பேர் கூடுதல். ஒரு ஊரே காணாமல் போய்த் திரும்பி வந்த மாதிரி. திருத்திய கணக்கில் 2019, 2016-ஐவிட மோசம். உண்மையில் குறைந்த வருஷம் 2020. அது ஊரடங்கு வருஷம்; ரோட்டில் வண்டியே இல்லை.

ஒரு சாவு எப்படிக் கணக்கிலிருந்து நழுவும்? எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் கிருஷ்ணன்கோவில் பக்கம் அடிபடுகிறார் என்று வையுங்கள். அன்றைக்கு ஸ்டேஷனில் பதிவாவது காய வழக்கு. அவரை மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். பத்தாம் நாள் இறந்துபோகிறார். விபத்து நடந்து முப்பது நாளுக்குள் இறந்தால் அது சாலை மரணம்தான். ஆனால் மதுரையிலிருந்து தகவல் வந்து, இங்கே வழக்கின் பிரிவை மாற்றி, அந்த மாற்றம் மாவட்டக் கணக்குக்கும் ஏறணும். எந்த இடத்தில் விட்டாலும் அவர் 'காயமடைந்தவர்' பட்டியலில் என்றைக்கும் உயிரோடு இருப்பார். இதற்கு யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும்.

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1955-ல் சாலை மரணம் 324. ஆளுநர் ரிபிகாஃப் வேகத்துக்குக் கடும் தண்டனை கொண்டுவந்தார். மறுவருஷம் 284. நாற்பது உயிர் காப்பாற்றினோம் என்றார். டொனால்ட் கேம்பெல், லாரன்ஸ் ராஸ் என்ற இருவர் முந்தைய வருஷங்களையும் எடுத்துவைத்துப் பார்த்தார்கள். 1955 வழக்கத்துக்கு மாறாக உச்சத்தில் இருந்த வருஷம்; எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த வருஷம் இறங்கியிருக்கலாம். பின்னாளில் கேம்பெல் இன்னொன்றும் சொன்னார்: ஓர் எண்ணை வைத்து முடிவெடுக்க ஆரம்பித்தால், அந்த எண்ணே கெட்டுப்போகும். கனெக்டிகட்டில் சாவு சரியாக எண்ணப்பட்டது, அர்த்தம்தான் தப்பு. நம்மிடம் எண்ணிக்கையே ஆட்டம் கண்டது.

ஹெல்மெட் வேலை செய்யாது என்று இதற்கு அர்த்தமில்லை. அது சாவைச் சுமார் 42 சதவீதம் குறைக்கும் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு. நம்ம ஊரில் 2015 ஜூலையில் உயர் நீதிமன்ற உத்தரவால் ஹெல்மெட் கட்டாயமானது. அந்த வருஷம் 15,642 சாவு, அடுத்த வருஷம் 17,218. இதை வைத்து ஹெல்மெட்டைத் தூக்கிப்போடச் சொல்கிறவரும், 8,000-ஐக் காட்டி மார்தட்டுகிறவரும் எனக்கு ஒரே ஆள்தான்.

எனக்குக் குடைச்சல் கொடுக்கும் கேள்வி வேறு. 2021 டிசம்பரில் 'நம்மைக் காக்கும் 48' வந்தது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. நல்ல திட்டம். 2021-ல் 15,384 ஆக இருந்த சாவு 2022-ல் 17,884 ஆனது. ஊரடங்கு முடிந்து வண்டிகள் திரும்பிய வருஷம் அது. பழைய 8,000-ஐ மனதில் வைத்திருக்கிற ஒருவருக்கு, உயிரைக் காப்பாற்றும் திட்டம் வந்ததும் சாவு இரண்டு மடங்கானதாகத் தெரியும். ஒழுங்காக எண்ணுகிறவர் தோற்றவராகத் தெரிகிறார். அப்படியிருக்க, பத்தாம் நாள் மதுரையில் இறந்தவருக்காக ஃபைலைத் திறந்து பிரிவை மாற்றுகிற ஏட்டுக்கு நாம் என்ன தருகிறோம்? அவர் ஸ்டேஷனின் எண் ஒன்று கூடும், மேலேயிருந்து ஒரு கேள்வி வரும், அவ்வளவுதான்.

யாருடைய வேலையை இந்த எண் அளக்கிறதோ, அவர்களிடமே எண்ணுகிற வேலையும் இருக்கிறது. மதுரை பிணவறைப் பதிவேட்டையும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார ஸ்டேஷன் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒருத்தர் மாசாமாசம் சரிபார்க்கலாம். ஒரு பேரணிக்கு ஆகிற பேனர் செலவுகூட அதற்கு ஆகாது.