அறிவின்றி நோக்கம் உண்டா? நெற்பயிரை முன்வைத்து ஒரு பழைய வழக்கு

அறிவில்லாத ஒரு பொருள் நோக்கத்தோடு செயல்பட முடியுமா என்பது இந்தியத் தத்துவ மரபில் நெடுங்காலம் வழக்காடப்பட்ட கேள்வி. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை முடியும் என்று சொல்லி, அதற்குப் பசுவின் பாலைச் சான்று காட்டுகிறது. பால் அறிவற்றது, ஆயினும் கன்றின் வளர்ச்சிக்காகச் சுரக்கிறது; அவ்வாறே உலகின் மூலப்பொருளான பிரகிருதி, தான் எதையும் அறியாமலே, புருடன் எனப்படும் அறிவுப்பொருளின் விடுதலைக்காக இயங்குகிறது என்பது அதன் வாதம். பிரம்மசூத்திர உரையில் சங்கரர் இதை மறுக்கிறார்: பசுவுக்குக் கன்றின்மேலுள்ள அன்பும், கன்று உறிஞ்சுவதுமே பாலைச் சுரக்கச் செய்கின்றன என்பதால், அங்கும் அறிவுடைய உயிரே பின்நிற்கிறது என்கிறார். எடுத்துக்காட்டில் பசு இருக்கும்வரை சங்கரரின் கையே ஓங்கியிருக்கும். அன்பு காட்டவும் உறிஞ்சவும் எவரும் இல்லாத எடுத்துக்காட்டு ஒன்று சாங்கியருக்குத் தேவைப்பட்டது. வெள்ளத்தில் மூழ்கிய நெற்பயிரை அப்படி ஒன்றாகக் கொள்ளலாம்.

தாவரம் தானே உண்டாக்கி, அதைக்கொண்டு தன் உறுப்புகளின் வளர்ச்சியையும் நெருக்கடிக் காலப் போக்கையும் மாற்றிக்கொள்ளும் வேதிப்பொருள்களுக்கு ஹார்மோன்கள் என்று பெயர். அவற்றுள் எத்திலீன் வாயு வடிவிலானது. வாயுக்கள் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுவதால், பயிர் மூழ்கியதும் எத்திலீன் வெளியேற வழியின்றித் திசுக்களுக்குள்ளேயே தேங்குகிறது. இந்தத் தேக்கமே வெள்ளம் வந்துவிட்டது என்பதற்குப் பயிருக்குள் கிடைக்கும் அடையாளம். பெரும்பாலான நெல் வகைகள் இதற்கு மறுவினையாக, நீட்சியைத் தூண்டும் ஜிப்ரெலின் என்னும் மற்றொரு ஹார்மோனின் வேலையை மிகுவித்து, சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்து இலைகளை நீட்டுகின்றன. நீர்மட்டத்தை எட்ட முடியாவிட்டால் வலுவிழந்து மடிகின்றன. ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்ஆர்13ஏ என்னும் வகையோ, சப்1ஏ என்ற மரபணுவின் வழியே ஜிப்ரெலினை எதிர்க்கும் புரதங்களைப் பெருக்கி, வளர்ச்சியை நிறுத்தி, மாவுச்சத்தைக் காத்து, ஏறத்தாழ இரண்டு வாரம் நீருக்குள் கிடந்து, நீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கிறது. மாதக்கணக்கில் நீர் நிற்கும் வங்காளதேச வெள்ளச் சமவெளிகளின் ஆழ்நீர் நெல்லில் இதற்கு நேர்மாறானது நடக்கிறது. அங்கே ஸ்நார்க்கல் எனப் பெயரிடப்பட்ட இரண்டு மரபணுக்கள் அதே எத்திலீனால் தூண்டப்பட்டு, தண்டின் கணுவிடைகளை ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கும் மேலாக நீளச் செய்யக்கூடும். சப்1ஏ 2006-இலும் ஸ்நார்க்கல் மரபணுக்கள் 2009-இலும் அறிவிக்கப்பட்டன. இரண்டும், எத்திலீனுக்கு மறுவினையாகப் பிற மரபணுக்களை இயக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது, அவற்றின் விளைவுகள் எதிரெதிராக இருப்பதை இன்னும் வியப்புக்குரியதாக்குகிறது.

இந்த ஹார்மோன்கள் வேலை செய்யும் முறையைக் கூர்ந்து நோக்கினால், அவை எதையும் முன்னே தள்ளுவதில்லை என்பது புலப்படும். எத்திலீன் இல்லாதபோது அதன் ஏற்பிப் புரதங்கள் ஓயாமல் தடை விதித்துக்கொண்டிருக்க, எத்திலீன் வந்து ஒட்டியதும் அந்தத் தடை ஓய்கிறது. ஜிப்ரெலின், வளர்ச்சியை அடக்கிவைக்கும் டெல்லா வகைப் புரதங்களைச் சிதைவுக்கு அனுப்புகிறது. வறட்சியில் சுரக்கும் அப்சிசிக் அமிலம், 2009-இல் கண்டறியப்பட்ட ஏற்பிகளின் வழியே, ஒரு தடுப்பு நொதியைச் செயலிழக்கச் செய்ய, அதுவரை அடங்கியிருந்த வேறொரு நொதி விடுபட்டு இலைத்துளைகளை மூடச் செய்கிறது. நடப்பது பெரும்பாலும் தடைநீக்கமே. பதஞ்சலியின் யோக சூத்திரம் நான்காம் பாதத்தில், காரணம் என்பது இயற்கையை ஏவுவதில்லை, உழவன் வரப்பை வெட்டி விடுவதுபோல் தடையை மட்டுமே விலக்குகிறது என்று கூறுவது இதற்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகிறது. அதை முன்னறிவு என்று கொண்டாடத் தேவையில்லை. ஏவுதல் இல்லாத காரணத்தைப் பற்றி அந்த மரபு கவனத்தோடு சிந்தித்திருக்கிறது என்பதே போதும்.

ஆயினும் இது சாங்கியருக்கு முழு வெற்றி ஆகாது. வெள்ளம் எத்தனை நாள் நிற்கும் என்பதை எஃப்ஆர்13ஏ அறியாது. நீர் மாதக்கணக்கில் நின்றால் அதன் அடக்கமே அதற்குக் கேடாகும். சப்1ஏ இரண்டு வார வெள்ளத்துக்குப் பொருத்தமாக அமைந்தது, அத்தகைய வெள்ளங்களில் தப்பியவற்றின் வழியில் அது தங்கிவிட்டதாலேயே ஆகும். நோக்கம் என்று காணப்படுவது பயிருக்குள்ளும் இல்லை, சாங்கியர் கருதியதுபோல் வேறொருவருக்காகவும் இல்லை. அது ஒரு வழிமரபின் வரலாற்றில் இருக்கிறது. அந்த விதையைப் பேணிய உழவரை அறிவுடைய கருத்தாவாகக் காட்டிச் சங்கரர் தரப்பு மறுக்கலாம். ஆனால் உழவர் தெரிந்தெடுத்தது முன்பே இருந்ததைத்தான். அந்த மரபணுப் பகுதியைக் கலப்பினத்தால் பெற்ற சுவர்ணா-சப்1 என்னும் நெல் இந்தியாவில் 2009-இல் வெளியிடப்பட்டது, தமிழ்நாட்டில் சி.ஆர்.1009 நெல்லும் சப்-1 வடிவில் பயிரிடப்படுகிறது. பொறுமை என்று வியக்கத்தக்க ஒரு குணம், ஒரு மரபணுப் பகுதியோடு ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லுமானால், அதை ஒரு மனத்தின் பண்பாக எண்ணுவது கடினம்.

சமணர் வேறு கேள்வி கேட்பர். அவர்கள் தாவரத்தைத் தொடுபுலன் மட்டும் உடைய உயிராகக் கொள்கின்றனர். தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர்களாகவே வகுக்கிறது. இந்த நிலைப்பாட்டில் பயிர் வெள்ளத்தைப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை, உணர்ந்தால் போதும். தாவரங்களுக்கு நரம்பியல் உண்டு என்று சில அறிவியலாளர் பேசத் தொடங்கியபோது, 2007-இல் 36 தாவர அறிவியலாளர்கள் அதை மறுத்துக் கூட்டாக எழுதினர். அவர்களது எச்சரிக்கை நியாயமானதே, ஏனெனில் ஏற்பியில் மூலக்கூறு ஒட்டுவதும் உணர்தலும் ஒன்றே என்று எவரும் நிறுவவில்லை. ஆனால் சமணரின் கொல்லாமை, பயிர் திட்டமிடுகிறது என்பதைச் சார்ந்து நிற்கவில்லை. ஆகவே திட்டமிடல் இல்லை என்று காட்டுவதால் அது வீழாது.

சங்கரருக்கும் கடைசியாக ஒரு விடை உண்டு. பால் எடுத்துக்காட்டை மறுக்கும் அதே இடத்தில் அவர், நீருக்குள் இருந்து நீரை உள்ளிருந்து நடத்துபவனைப் பற்றிய உபநிடதக் கூற்றைத் துணைக்கு அழைக்கிறார். அந்த அந்தர்யாமி, சப்1ஏ பெற்ற சுவர்ணாவிலும் அதைப் பெறாத சுவர்ணாவிலும் ஒருபோலவே உறைகிறான்; எனவே எந்த வயல் ஆய்வும் அவனை மறுக்க இயலாது, அதே காரணத்தால் இரண்டாவது பயிர் மட்டும் ஏன் அழுகியது என்பதற்கும் அவனைக் காரணமாகக் காட்ட இயலாது.