எச்சத்தை யார் கழுவுவது?

என் அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு புளியமரம் நிற்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர். மரத்தைத் தாண்டினால் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் வயல். கார்த்திகை மழை முடிந்ததும் அந்த மரத்தில் வக்காக்கள் கூடு கட்டும். வக்கா, இரவில் இரை தேடும் கொக்கு வகை. பகலெல்லாம் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருக்கும். இருட்டியதும் கரகரத்த குரலில் ஒன்றையொன்று கூப்பிட்டபடி வயலுக்குக் கிளம்பும். அந்த மரத்தைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். என்னைச் சந்திப்பவர்கள் அதிகம் நினைவுகூர்வது அந்தக் கவிதையைத்தான்.

கவிதையில் இல்லாதவை சில உண்டு. துவைகல்லின் மீது காய்ந்து சுண்ணாம்பாகிக் கிடக்கும் எச்சம். குஞ்சுகள் கக்கிப் போடும் பாதி செரித்த மீன். கொடியில் உலர்த்திய சேலையை மறுபடியும் ஊறவைக்க வேண்டியிருப்பது. இரண்டு வீடு தள்ளியும் அடிக்கும் கவிச்சி. அதற்காகப் பக்கத்து வீட்டாரிடம் கேட்க வேண்டியிருக்கும் பேச்சு. ஆண்டுக்கு நான்கைந்து மாதம் அம்மா விடியுமுன் எழுந்து அந்த இடத்தைத் தூத்து, தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். புத்தகம் வந்த அன்று கவிதையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாருக்குட்டி. நீ பாட்டு எழுது, நான் தூத்து வாருதேன்" என்றாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒரு தை மாதத்தில் அம்மா அந்த எச்சத்தில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. அதே வாரம் தம்பி ஆள் வைத்து வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்த கிளைகளை எல்லாம் வெட்டிவிட்டான். கூடுகளில் குஞ்சுகள் இருந்தன. செய்தி தெரிந்து, கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு ஓடினேன். தரையில் கிடந்தவற்றைப் பார்த்து அழுதேன். தம்பியைக் கொலைகாரன் என்றேன். திண்ணையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "குஞ்சு விழுந்ததுக்கு ஓடி வந்த. நான் விழுந்ததுக்கு போன்லதான கேட்ட?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடும் பதில். இன்னொருவரின் முதுகு வலியில் நாம் காட்டும் கருணைக்குக் கருணை என்று பெயர் வைக்கலாமா?

தமிழ்நாட்டில் மக்களே காத்துவந்த பறவைக் காப்பிடங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. வேடந்தாங்கலில் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டார்கள். 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமை அவர்களுக்கு எழுத்தில் கிடைத்தது. 1858-ல் அது மறுபடியும் உறுதி செய்யப்பட்டது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்குள்ள மூன்று கண்மாய்கள் 1977-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஊரின் கட்டுப்பாடு அதற்கும் மூத்தது.

வகுப்பில் இந்த ஊர்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் 'ஊர் மக்கள் பாதுகாத்தார்கள்' என்றே சொல்லிவந்தேன். அம்மாவின் கேள்விக்குப் பிறகு அந்தத் தொடர் தொண்டையில் சிக்குகிறது. ஊர் மக்கள் என்றால் யார்? ஆட்சியரிடம் முறையிடப் போனவர்களில் பெண்கள் இருந்திருப்பார்களா? கட்டுப்பாடு விதித்த கூட்டத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? வெடி கேட்டு அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்தியது யார்?

கூந்தன்குளத்துக்கு மாணவிகளை அழைத்துப் போனோம். அங்கே பறவைகள் குளத்தோடு நின்றுவிடுவதில்லை. ஊருக்குள்ளே, வீடுகளை ஒட்டிய மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. பறவை வராத ஆண்டு நல்ல ஆண்டு அல்ல என்பது அந்த ஊரின் நம்பிக்கை. ஒரு வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் என் மாணவி ஒருத்தி, "இந்த நாத்தம் உங்களுக்குக் கஷ்டமா இல்லையாக்கா?" என்று கேட்டாள். "பிள்ளப்பேறுக்கு வந்த பொண்ண நாறுதுன்னு வெரட்டவா முடியும்?" என்றார் அவர். மாணவிகள் நெகிழ்ந்துபோய்க் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். சுளகைத் தட்டி நிறுத்திவிட்டு அவரே தொடர்ந்தார்: "ஆனா பிள்ளப்பேறு பாக்கது யாரு? நாமதான!" அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நானும்தான்.

திரும்பும்போது பேருந்தில் பெரிய வாக்குவாதம். 'பெண்களுக்கு இயற்கையோடு இயல்பாகவே நெருக்கம் உண்டு' என்றாள் ஒருத்தி. 'எனக்கு நாற்றம்தான் அடித்தது, நான் பெண் இல்லையா?' என்றாள் இன்னொருத்தி. சூழலியப் பெண்ணியத்துக்குள் பழைய சண்டை இது. பினா அகர்வால் 1992-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு தெளிவு உண்டு. பெண்களின் சூழல் அறிவு கருப்பையிலிருந்து வருவதில்லை. விறகு பொறுக்குவது, தண்ணீர் சுமப்பது, தீவனம் அறுப்பது போன்ற அன்றாட உழைப்பிலிருந்தும், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதிலிருந்தும் அது வருகிறது. நெருக்கத்தை இயல்பு என்று சொல்லிவிட்டால் அந்த உழைப்புக்குக் கணக்கு இருக்காது. தாய்மையைப் புகழ்ந்து தாயைத் தூங்கவிடாத வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். இது நமக்குப் புதிதல்ல.

ஆனாலும் ஓர் எடுத்துக்காட்டு என்னைத் தடுமாற வைக்கிறது. அசாமின் காம்ரூப் மாவட்டத்தில் ஹர்கிலா என்ற பெருநாரை உண்டு. எலும்பை விழுங்குவது என்று அந்தப் பெயருக்குப் பொருள். பிணமும் கழிவும் தின்னும். அழகென்று யாரும் சொல்லமாட்டார்கள். அது கூடு கட்டுவது தனியார் வீட்டு மரங்களில். 2007-ல் ஆய்வு மாணவியாக இருந்த பூர்ணிமா தேவி பர்மன், தாதரா கிராமத்தில் ஒருவர் தன் மரத்தை வெட்டியதையும் கூட்டிலிருந்து ஒன்பது குஞ்சுகள் விழுந்து கிடந்ததையும் பார்த்தார். தடுக்கப்போனவரைச் சூழ்ந்துகொண்டு ஏளனம் செய்தார்கள். அவர் தன் ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டு ஊர்ப் பெண்களிடம் போனார். கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் சடங்கை அந்தப் பறவைக்கும் செய்தார்கள், நம் வளைகாப்பு மாதிரி. இன்று 'ஹர்கிலா படை' என்ற பெயரில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். தாதரா, பசாரியா, சிங்கிமாரி கிராமங்களில் 28 ஆக இருந்த கூடுகள் 250-ஐத் தாண்டின.

'மறுபடியும் தாய்மைதானா மேடம்?' என்று மாணவிகள் கேட்டார்கள். எனக்கும் அந்த உறுத்தல் இருந்தது. யோசித்துப் பார்த்தால், அங்கே நடந்தது வெறும் தாய்மைப் புகழ்ச்சி அல்ல. வீட்டுக்குள் தனித்தனியாக நாற்றத்தைச் சகித்துக்கொண்டிருந்தவர்கள் ஒன்றாகத் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தறியும் நூலும் கிடைத்தன. ஹர்கிலா உருவத்தை நெய்து விற்று வருமானம் பார்த்தார்கள். மரத்தை வெட்டலாமா என்ற பேச்சில் அவர்கள் குரலும் சேர்ந்தது. பழைய சடங்கின் வழியாக உள்ளே நுழைந்து, பழைய வீட்டில் இல்லாத ஓர் இடத்தைப் பிடித்தார்கள். இது எனக்கு முழுத் திருப்தி தரும் விடை அல்ல. அவர்கள் வீட்டு ஆண்கள் துடைப்பத்தைத் தொட்டார்களா என்று இன்னும் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் என் கவிதையைவிட அது நேர்மையானது. அங்கே பாடியவர்களும் கழுவியவர்களும் ஒரே ஆட்கள்.

சட்டத்திலும் இதற்கு ஒரு சிறிய வாசல் இருந்தது. 2024 வரை நடைமுறையில் இருந்த பல்லுயிர்ச் சட்டத்தின் 2004 விதிகள், உள்ளாட்சி தோறும் அமையும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்றன. அந்தப் பெண் கையெழுத்துப் போட மட்டும் அழைக்கப்படுகிறாரா, அல்லது எந்த மரம், எந்தக் கரை, யாருக்கு எவ்வளவு என்று பேச அழைக்கப்படுகிறாரா என்பதுதான் கேள்வி. உங்கள் ஊரில் அப்படியொரு குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், உறுப்பினரான பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பேசிப்பாருங்கள்.

பறவைகளைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அந்தத் தை மாதத்தில், பிழைத்த இரண்டு குஞ்சுகளை ஒரு பழைய கூடையில் வைத்து, ஒற்றைக் கையால் வாய்க்கால் மீனை நறுக்கிப் போட்டவள் அவள்தான். ஒன்று பறந்தது. அவளுடைய கேள்வி பறவைக்கு எதிரானது அல்ல, எனக்கு எதிரானது. கருணையின் புகழ் ஒருவருக்கும் அதன் வேலை இன்னொருவருக்கும் என்று பிரிந்துவிட்டால், அது சுரண்டல்தான். வயலுக்கு உரம் வாங்கிக்கொண்டு பறவைக்கு நிழல் கொடுத்த வேடந்தாங்கல்காரர்களுக்கு, கொடுக்கல் வாங்கல் இல்லாத பாதுகாப்பு நிலைக்காது என்று தெரிந்திருந்தது. அதே கணக்கை வீட்டுக்குள்ளும் போட்டுப்பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

மூன்றாம் ஆண்டு வக்காக்கள் திரும்பி வந்தன. அதற்கு முன் ஆவணியிலேயே, கூடுகள் இல்லாத காலத்தில், நானும் தம்பியும் அம்மாவை மரத்தடிக்கு அழைத்துப்போய் நின்றோம். துவைகல்லுக்கு மேலே நீண்டிருந்த ஒரு கொப்பைக் காட்டி, "இத வெட்டு" என்றாள். வாய்க்கால் பக்கம் கை நீட்டி, "அதெல்லாம் அதுகளுக்கு" என்றாள். கொடியை வீட்டின் முன்பக்கம் மாற்றினோம். காலையில் தம்பி தூக்கிறான். சனி, ஞாயிறு என் முறை. வாரிய எச்சம் தென்னைக்குப் போகிறது.

முதல் ஞாயிறு துடைப்பத்தோடு குனிந்தபோது நாற்றம் குமட்டியது. அம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓரத்துல கிடக்கு பாரு" என்றாள்.