உள்ளது உள்ளபடி

“மைக் பொய் சொல்லாதுக்கா. உள்ளதை உள்ளபடிதான் எடுக்கும்.”

நான்கு வருடங்களுக்கு முன்னால் பெரியம்மா மகளிடம் நான் சொன்னது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “என் ‘ஸ’ இவ்ளோ கூர்மையாவாடா இருக்கு? பாம்பு சீறுற மாதிரி” என்று கேட்டிருந்தாள். என் பதிலுக்குப் பிறகு அக்கா ஒரு வருடத்துக்கு மேல் எதையும் பதிவு செய்யவில்லை. கோயிலில் பாடுவாள், அடுப்படியில் பாடுவாள். மைக் என்றால் மட்டும் வேண்டாம்.

அது சீனத் தயாரிப்பான ஒரு மலிவு கண்டென்சர் மைக். ஜோடியாக வாங்கியிருந்தேன். அதிலொன்றைப் பிரித்து வால்வு மைக்காக மாற்ற நான் உட்கார்ந்ததற்கு அக்கா காரணமில்லை, பழைய மைக்குகள் மேல் இருந்த பித்துதான் காரணம். பெர்லினின் நாய்மன் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த யு67 என்ற மைக்கில் இஎஃப்86 என்ற வால்வு இருக்கும். அசலை வாங்க என் சம்பளம் போதாது. ஆனால் என் மலிவு மைக்கின் கேப்சூல், அதாவது தங்கம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, யு67 கேப்சூலின் நகல். மற்றதை நாமே செய்துவிடலாம் என்று தோன்றியது.

மூன்று வார இறுதிகள் போயின. உள்ளே இருந்த போர்டை எடுத்துவிட்டு வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், வெளியே தனியாக ஒரு பவர் சப்ளை. கேப்சூலை ஒட்டிய ஜிகா ஓம் ரெசிஸ்டரில் விரலின் எண்ணெய்ப் பசை பட்டாலே போதும், மின்சாரம் கசிந்து இரைச்சல் வரும். ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்துச் செய்தேன். கோட் எழுதிப் பழகியவனுக்கு இது வேறு மாதிரி பயம். இங்கே ‘அன்டூ’ கிடையாது. சுவிட்சை அணைத்த பிறகும் கபாசிட்டரில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதை என் கட்டைவிரல்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

அக்காவைக் கெஞ்சிக் கூட்டிவந்து பாட வைத்தேன். கேட்டுவிட்டு, “இதுதான்டா என் குரல்” என்றாள். “எல்லாம் வால்வோட மகிமைக்கா” என்றேன், பெருமையாக.

அதுவும் தப்பு. பிறகுதான் யு67இன் சர்க்யூட் படத்தை நிதானமாகப் படித்தேன். அந்தக் கேப்சூல் உச்ச ஒலிகளை இயல்பாகவே தூக்கிக் காட்டும். வடிவமைத்தவர்களுக்கு அது தெரியும். அதனால் சர்க்யூட்டிலேயே அந்த ஒலிகளைத் தணிக்க வழி செய்திருந்தார்கள். என் மைக்கைச் செய்தவர்கள் கேப்சூலை நகலெடுத்தார்கள், திருத்தத்தை விட்டுவிட்டார்கள். சீறியது அக்கா இல்லை.

ஜோடியில் மீதமிருந்த மைக்கில், உச்ச ஒலிகளைத் தணிக்க, சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கபாசிட்டரை மட்டும் சேர்த்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதிந்து, சத்தத்தைச் சமப்படுத்தி, எது எதுவென்று தெரியாதபடி ஒரு ஸ்கிரிப்டைக் கலைக்கச் சொல்லிக் கேட்டேன். இருபதில் பதினொன்று சரி. காசு சுண்டியிருக்கலாம்.

அப்படியானால் எதுதான் உள்ளபடி? எந்த மைக்கும் ஓர் இடத்தில் நின்றுதான் கேட்கிறது, நண்பன் ஒரு பக்கம் உட்கார்ந்து கேட்பதைப் போல. நம் குரல்கூட நமக்கே மண்டையோட்டின் வழியாகக் கொஞ்சம் கனமாகத்தான் கேட்கிறது. மைக் தவறியதில் எனக்கு வருத்தமில்லை. திறந்தே பார்க்காத ஒரு பெட்டிக்கு நீதிபதியின் நாற்காலியைக் கொடுத்தேனே, அதுதான் உறுத்துகிறது. ஆபீஸில் “டேஷ்போர்டுல அப்படித்தான் இருக்கு” என்று சொல்லி எத்தனை பேர் வாயை அடைத்திருப்பேன் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மனிதர் சொன்னால் எதிர்க்கேள்வி கேட்போம். கருவி காட்டினால் நம்மையே சந்தேகப்படுவோம்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள்தான் மறுபடி பாட ஆரம்பித்துவிட்டாளே. வால்வு என்ற நம்பிக்கையே அவளை நிமிர்ந்து பாட வைத்திருக்கலாம், அதைக் கெடுப்பானேன் என்றும் யோசித்தேன். ஆனால் அவளுடைய ஒரு வருடத்தை வால்வின் கணக்கில் எழுதிவிட்டு நான் தப்பிப்பதாகப் பட்டது. சொன்னேன்.

“அப்ப அந்த பல்பு எதுக்குடா?”

“எனக்குப் பிடிச்சிருந்துச்சுக்கா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒரு வருஷம்டா” என்றாள்.

போன வாரம் அவளே வந்தாள். இரண்டு மைக்கையும் மாட்டச் சொன்னாள். பாடி முடித்துக் கிளம்பும்போது, “ரெண்டு ஃபைலையும் அனுப்பு. எது எதுல எடுத்ததுன்னு மட்டும் சொல்லாத” என்றாள்.