புதைத்தவன் இல்லை, காசு யாருக்கு?

ரோமானிய வெள்ளிக் காசு வாங்க ஒருவர் பெரிய பணக்காரராக இருக்க வேண்டியதில்லை, நண்பர்களே. 'டெனாரியஸ்' என்ற அந்தக் காசு சுமார் நாலு கிராம்தான் இருக்கும். சில நூறு ரிங்கிட் கொடுத்தால் தபாலிலேயே வந்துவிடும். ஆனால் அது எந்த மண்ணிலிருந்து, யார் கையால் வந்தது என்று பலர் கேட்பதில்லை.

"புதைச்சவன் செத்து ஆயிரத்தெழுநூறு வருஷம் ஆச்சு. இப்ப எடுத்து வித்தா யாருக்கு நஷ்டம்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலை ஓர் உண்மைச் சம்பவத்தில் பார்ப்போம்.

2010 ஏப்ரலில், இங்கிலாந்தின் ஃப்ரோம் ஊருக்கு அருகே ஒரு வயலில் டேவ் கிரிஸ்ப் என்பவர் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு தேடிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் சமையல்காரராக இருந்தவர். தோண்டியபோது காசுகளும் ஒரு பானையின் வாயும் தெரிந்தன. அவர் அள்ளவில்லை. குழியை மூடிவிட்டுத் தொல்லியலாளர்களுக்குச் சொன்னார்.

அவர்கள் அடுக்கு அடுக்காக எடுத்தார்கள். மொத்தம் 52,503 காசுகள், சுமார் 160 கிலோ. பெரும்பாலானவற்றில் வெள்ளி பேருக்குத்தான் இருந்தது. பிரிட்டனைத் தனியாக ஆண்ட கராசியஸ் வெளியிட்ட நல்ல வெள்ளி டெனாரியஸ் ஐந்தே ஐந்து. சிறுகச் சிறுகச் சேமித்த பானை என்றால், கடைசியாக ஆண்ட கராசியஸின் காசுகள் மேலே இருக்க வேண்டும், இல்லையா? அவற்றில் பெரும்பாலானவை ஆழத்தில் கிடந்தன! அப்படியென்றால் பானை ஒரே சமயத்தில் நிரப்பப்பட்டது. தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கையாக இருக்கலாம் என்ற கருத்தும் அதனால்தான் வலுப்பெற்றது.

கிரிஸ்ப் அள்ளிப்போயிருந்தால் ஒரு காசும் குறைந்திருக்காது. இந்த உண்மை மட்டும் அழிந்திருக்கும். பொறியியல் படிக்கிறவர்களுக்கு இது புரியும்: எங்கே, எப்போது அளந்தது என்று எழுதாத அளவீடு வெறும் எண்தான். நஷ்டம் செத்தவனுக்கு இல்லை. தெரிந்துகொள்ள வேண்டிய நமக்கும், நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும்தான்.

"நான் வாங்கலேன்னா வேற ஒருத்தன் வாங்குவான்" என்பார்கள். வாங்கட்டும். ஆனால் கேள்வி கேட்காமல் நாம் கொடுக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டும், ராத்திரியில் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவனுக்குக் கூலியாகப் போகலாம்.

பின்னாளில் அருங்காட்சியகம் அந்தப் புதையலுக்கு 3,20,250 பவுண்டு கொடுத்தது. கிரிஸ்ப்பும் நில உரிமையாளர்களும் பகிர்ந்துகொண்டார்கள். குழியை மூடிய நாளில் அந்தத் தொகை அவருக்குத் தெரியாது.

காசு சேர்ப்பது தப்பில்லை. எங்கே கிடைத்தது, யார் யார் கை மாறி வந்தது என்று முதலில் கேளுங்கள். விற்கிறவர் மழுப்பினால், எவ்வளவு அழகான காசாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.