அடியில் ஒரு துவாரம்

ஜீப் செரோக்கியில் எக்ஸ்ஜே என்று சொல்லும் பழைய மாடல் 1984 முதல் 2001 வரை வந்தது. முன் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் அதன் முன் டிஃபரென்ஷியலில் எண்ணெய் ஊற்ற வழி உண்டு, வடிக்க வழி கிடையாது. பத்து போல்ட்டைக் கழற்றி, முன்பக்கம் பார்த்து நிற்கும் தகட்டு மூடியையே எடுக்க வேண்டும். எண்ணெய் ஆக்ஸில் மேலும் டயர் மேலும் நம் கை மேலும் கொட்டும். பிறகு மூடியில் ஒட்டிக் காய்ந்த பழைய சீலன்ட்டைச் சுரண்டி, துடைத்து, புதிது பூசி, அது இறுகும்வரை காத்திருந்து நிரப்ப வேண்டும். உள்ளே பிடிப்பது ஒன்றரை லிட்டர்கூட இல்லை. அதற்கு அரை நாள் போய்விடும்.

நான் மஸ்கட்டில், வாதி கபீர் பகுதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் புன்னைக்காயல். எங்களிடம் வரும் ஓமானி வாடிக்கையாளர்களில் ஒருவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வாதி எனப்படும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் வண்டியை இறக்குகிறவர். ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் சட்டென்று மூழ்கும்போது உள்ளே காற்று சுருங்கும். மேலே உள்ள சுவாசக் குழாய் வழியாகவோ, தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை மூடியைத் திறந்தால் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் வரும். உள்ளே இருக்கும் கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வது மட்டுமில்லை, சறுக்கவும் செய்கின்றன. அவ்வளவு அழுத்தத்தில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நிற்பது எண்ணெயின் மெல்லிய படலம் ஒன்றுதான். தண்ணீர் கலந்தால் அந்தப் படலம் அறுந்துபோகும்.

அதனால் அவர் கேட்டார்: மூடியின் அடியில் ஒரு டிரெயின் பிளக் வைத்துத் தர முடியுமா?

முடியும். மூடியைக் கழற்றி அதன் கீழோரத்தில் துளையிட்டு, உள்ளே மரை வெட்டிய தடித்த இரும்பு வளையம் ஒன்றை அதில் வைத்து வெல்டு செய்ய வேண்டும். தகடு சூட்டில் நெளிந்துவிடும். நெளிந்தால் பிறகு எத்தனை சீலன்ட் பூசினாலும் கசியும். ஆகவே மூடியைக் கனமான பழைய ஹவுசிங் ஒன்றில் பத்து போல்ட்டும் போட்டு இறுக்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றிப் பற்றவைப்பேன். வளையம் வெளியே துருத்தினால் பாறையில் அடிபடும். உள்ளே துருத்தினால் அந்த விளிம்புக்குக் கீழே கொஞ்சம் அழுக்கு எண்ணெய் எப்போதும் தங்கும். பிளக்கின் நுனியில் காந்தம் இருக்க வேண்டும். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஃபோர்மேன் இந்த வேலையை ஒத்துக்கொள்ளவில்லை. கோட்டயத்துக்காரர், எனக்கு மூத்தவர், கை சுத்தமானவர். அவர் சொன்ன காரணத்தை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. "மூடியத் திறக்கிறது ஒண்ணுதான் கிரவுனக் கண்ணால பாக்கிற நேரம். அது கஷ்டமா இருக்கிறதாலதான் கவனமாப் பாக்கிறோம். கீழ ஒரு பிளக் வச்சிட்டா அஞ்சு நிமிஷத்துல வடிச்சிட்டுப் போயிருவான். உள்ள என்ன ஆச்சுன்னு அப்புறம் எவனும் பாக்கமாட்டான்."

இதே வாதத்தை நான் வேறு இடத்தில் கேட்டிருக்கிறேன். ரூவி கோவிலில் தவக்காலத் தியானத்தின்போது ஒரு குருவானவர், பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தின் வரலாற்றைச் சொன்னார். அதன் பிறகு நானே தேடி வாசித்தேன். முதல் நூற்றாண்டுகளின் திருச்சபையில், ஞானஸ்நானத்துக்குப் பின் பெரிய பாவத்தில் விழுந்தவனுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு மன்னிப்புத்தான். அதுவும் சபை அறிய நடந்தது. பாவி தவ உடையோடு, நற்கருணை இல்லாமல், எல்லோர் பார்வையிலும் மாதங்களோ ஆண்டுகளோ நிற்க வேண்டும். சேர்த்துக்கொண்ட பிறகும் பல இடங்களில் திருமணத்துக்கும் படைத்தொழிலுக்கும் தடை உயிருள்ளவரை தொடர்ந்தது. மூடி முழுதையும் கழற்றுகிற மன்னிப்பு அது.

அதன் விளைவு என்ன? மக்கள் தள்ளிப்போட்டார்கள். ஞானஸ்நானத்தையே தள்ளிப்போட்டவர்கள் உண்டு. கான்ஸ்டன்டைன் பேரரசர் 337இல் மரணப்படுக்கையில்தான் அதைப் பெற்றார். சிறுவனாக இருந்தபோது புனித அகுஸ்தீனுக்குக் கடும் நோய் வந்து, ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு நடந்தது. உடம்பு தேறியதும் ஒத்திவைத்துவிட்டார்கள். கழுவிய பின் மறுபடி அழுக்கானால் குற்றம் இன்னும் பெரிது என்ற பயம். அவர் அதைப் பெற்றது 387இல். என் தொழிலில் இது தினமும் பார்க்கும் மனநிலை. திறப்பது கடினமான ஹவுசிங்கைக் கவனமாகத் திறக்கிறார்கள் என்று ஃபோர்மேன் நினைக்கிறார். நான் பார்த்தவரை பெரும்பாலோர் திறப்பதே இல்லை. சத்தம் வரும்வரை ஓட்டுகிறார்கள்.

ஆறாம் நூற்றாண்டில் அயர்லாந்துத் துறவிகளிடம் வேறு வழக்கம் இருந்தது. ஒருவன் தனியாக ஒரு குருவிடம் வருவான், சொல்வான், பரிகாரம் பெறுவான், மறுபடி விழுந்தால் மறுபடி வருவான். கொலும்பானுஸ் போன்ற துறவிகள் அதை ஐரோப்பியப் பெருநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். எல்லோரும் மகிழவில்லை. 589இல் ஸ்பெயினில் கூடிய தொலேதோ சங்கத்தின் ஆயர்கள், பாவம் செய்யும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டு வரும் இந்தப் புதுப் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார்கள். எங்கள் ஃபோர்மேனின் கவலைதான் அவர்களுக்கும். ஆனால் 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், விவரம் அறிந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று சட்டமே ஆக்கியது. 1580இல் கொச்சியில் அச்சான ஆரம்பகாலத் தமிழ் நூல்களில் ஒன்று அண்டிரிக் அடிகளாரின் பாவசங்கீர்த்தன நூல். முத்துக்குளித்துறையில் எங்கள் முன்னோரிடையே உழைத்தவர் அவர். ஞானஸ்நானம் பெற்ற சில பத்தாண்டுகளிலேயே அந்தக் கரையோரக்காரர்களுக்கு அழுக்கை வெளியேற்றும் வழியைத் தாய்மொழியில் அச்சிட்டுக் கொடுக்கத் தோன்றியிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

தொலேதோ ஆயர்கள் தவறினார்கள் என்றே நான் நம்புகிறேன். டிஃபரென்ஷியலில் அழுக்கு சேர்வது ஓட்டுபவன் கெட்டவன் என்பதால் மட்டும் இல்லை. பற்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தாலும் இரும்பு நுண்ணிய துகளாகத் தேய்ந்து எண்ணெயில் கலக்கும். மனைவி ஊரில், பிள்ளைகள் ஊரில், ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் வேறு ஆண்களோடு வாழ்கிறவனுக்குக் கோபமும் பொறாமையும் ஏமாற்றமும் சேர்வது அப்படித்தான். அவனுக்கு வாழ்நாளில் ஒரே முறை என்று சொல்வது, அவன் ஓடவே கூடாது என்று சொல்வதாகும். வெளியேறும் வழியை எளிதாக்குவதை நான் இரக்கம் என்றே சொல்வேன்.

ஆனாலும் ஃபோர்மேனின் கேள்வி நிற்கிறது, பார்க்காமல் வடிப்பதைப் பற்றிய கேள்வி. அதற்குத்தான் அந்தக் காந்தம். பிளக்கைக் கழற்றியதும் நுனியில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்துப் பார்ப்பேன். மாவு போல வழுவழுவென்று இருந்தால் வழக்கமான தேய்மானம். நறநறத்தால் எங்கோ பேரிங் உதிர ஆரம்பித்திருக்கிறது. மனச்சோதனை என்று மறைக்கல்வியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த விரல் வேலையைத்தான். "கோபப்பட்டேன், பொய் சொன்னேன்" என்று ஒப்பித்துவிட்டு எழுந்தால் அது காந்தத்தைத் துடைக்காமல் பிளக்கைத் திரும்ப மாட்டுவது. திரெந்து சங்கம் 1551இல் சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்லக் கேட்டது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய வழியையும் திருச்சபை முழுதாக விட்டுவிடவில்லை. லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் மொன்செராத் மடத்தில் தம் வாழ்க்கை முழுவதற்குமாக ஒரு பாவசங்கீர்த்தனம் செய்தார். அதற்கு மூன்று நாள் பிடித்தது. பிறகு தம் ஆன்மிகப் பயிற்சிகளிலும் அப்படியொரு பொதுப் பாவசங்கீர்த்தனத்தைப் பரிந்துரைத்தார். அடிக்கடி வடிப்பவனும் எப்போதாவது பத்து போல்ட்டையும் கழற்ற வேண்டும். ஃபோர்மேனிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: பிளக் வைத்த வண்டிக்கு எப்போது மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று வேலை அட்டையில் எழுதி, உரிமையாளரிடம் வாயாலும் சொல்ல வேண்டும். எழுதினேன், சொன்னேன். பிளக் வைத்தோம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது. எண்ணெயைப் புதிதாக்கலாம். பல்லிலிருந்து போன இரும்பு திரும்பாது. மன்னிப்புப் பெற்ற பிறகும் நான் காயப்படுத்திய மனிதன் காயத்தோடுதான் இருக்கிறான். திருடியவன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று திருச்சபை சொல்கிறது. சக்கேயு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் தருகிறேன் என்று ஆண்டவரிடமே சொன்னான். ஆனால் சொன்ன சொல்லை எப்படித் திருப்பிக் கொடுப்பது? வராமல் போன வருடங்களை எந்த மடங்கில் கொடுப்பது? என் தொழிலில் எனக்கு ஒரு விதி உண்டு. காந்தத்தில் பல்லின் முனை தெரியும்படி ஒரு சில்லு வந்தால், புது எண்ணெயை ஊற்றமாட்டேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உரிமையாளருக்குப் போன் செய்து, மூடியைத் திறக்க வேண்டும், கிரவுனும் பினியனும் ஜோடியாகவே மாற வேண்டியிருக்கலாம், செலவு அதிகம் என்று சொல்லிவிடுவேன்.