களைப்பு தந்த கோபம்!

மானைத் துரத்திக்கொண்டே காட்டுக்குள் வெகுதூரம் வந்துவிட்டார் பரீட்சித்து மகாராஜா. பசி, தாகம், உடம்பெல்லாம் அசதி. எதிரே சமீக முனிவரின் ஆசிரமம். தண்ணீர் கேட்டார். தியானத்தில் இருந்தவர் காதில் அது விழவில்லை. 'அலட்சியமா?' எனக் கோபம் வந்தது. கிடந்த செத்த பாம்பை வில் நுனியால் எடுத்து, முனிவரின் தோளில் போட்டுவிட்டுப் போனார்!

அர்ஜுனனின் பேரன் செய்கிற காரியமா இது? செய்ய வைத்தது களைப்பு!

நாமும் விடிந்ததிலிருந்து ஓடுகிறோம். அந்த அசதியில், 'அம்மா' என்று வந்து நிற்கும் குழந்தை மீது சுடுசொல்லை வீசுகிறோம். அதுவும் செத்த பாம்புதானே, சகோதரிகளே!

முனிவரின் மகன் சிருங்கி, '7-ம் நாள் தட்சகன் தீண்டுவான்' எனச் சபித்தான். சமீகரோ, பசியும் தாகமுமாகக் களைத்து வந்தவரைச் சபிக்கலாமா என மகனுக்காக வருந்தினார். பரீட்சித்தும் சாபத்தை ஏற்று, கங்கைக் கரையில் அமர்ந்து சுகரிடம் பாகவதம் கேட்டார். ஓடியபோது கிடைக்காத அமைதி, உட்கார்ந்தபோது கிடைத்தது.

7 நாள் வேண்டாம். மாலையில் விளக்கேற்றியதும் 7 நிமிடம் உட்காருங்கள். களைத்து வீடு திரும்புபவர் சிடுசிடுத்தால், சமீகரை நினைத்து முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். கோபம் தானே இறங்கும்!